ஊருக்குப் போன இடத்தில் ஒரு வெட்டு: வெளிநாட்டில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தென் மாவட்டம் ஒன்றில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பத்தடி தள்ளி ஒருவரை வெட்டினார்கள். முதல் சத்தம் கேட்டதும் யாரோ இளநீர் சீவுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் ஏற்கெனவே தரையில் இருந்தார். பைக் கிளம்பிப் போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அந்த வரிசையில் எல்லாக் கடை ஷட்டரும் பாதி இறங்கிவிட்டன. என் கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது. சூடுகூட ஆறவில்லை.

நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது, கையில் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது). அந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி. வழக்கு இன்னும் நடப்பதால் ஊரையும் பெயர்களையும் சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்த நாளிலிருந்து கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். எனவே எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. என் வழக்குக்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு வக்கீல் நண்பர் சரிபார்த்துக் கொடுத்தார். இது தமிழ்நாட்டுக்கு எழுதியது. இலங்கையில் சட்டமே வேறு, அங்கே போகிறவர்கள் இதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கீழே 'புதிய சட்டம்' என்று நான் சொல்வதெல்லாம் அதுதான்.

கண்ணு முன்னாடி வெட்டிக்கிட்டு இருக்காங்க. முதல்ல என்ன செய்யணும்?

தள்ளிப் போய்விடுங்கள். அரிவாளோடு நிற்பவனிடம் "தம்பி, வேண்டாம்ப்பா" என்று சொல்லப் போனால் அடுத்த வெட்டு உங்களுக்குத்தான். கடைக்குள்ளோ காருக்குள்ளோ போய் 112 அடியுங்கள். பழைய 100-ம் வேலை செய்யும். ஆம்புலன்ஸுக்கு 108. வெளிநாட்டு சிம்மில் 108 போகாவிட்டால் 112-லேயே ஆம்புலன்ஸும் கேட்கலாம். நம்மைப் போல வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்குத் தெருப்பெயர் தெரியாது. பக்கத்துக் கடையின் போர்டைப் படித்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதில் ஊரும் தெருவும் இருக்கும்.

அடுத்த வேலை எழுதுவது. பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்கு முன்பே போனில் எழுதிவிட வேண்டும்: நேரம், எத்தனை பேர், யார் கையில் என்ன இருந்தது, சட்டை, வண்டி நம்பரில் தெரிந்த வரைக்கும், எந்தப் பக்கம் போனார்கள். பேசிவிட்டால் அவர் பார்த்த பச்சைச் சட்டை உங்கள் ஞாபகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான் என்று நான் எழுதியிருந்தேன். அரை மணி நேரத்தில் அங்கே கூடியிருந்தவர்களெல்லாம் "ஹெல்மெட்டே இல்ல சார்" என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. எழுதியதை மாற்றவில்லை.

அடிபட்டவர் ஏதாவது பேசினால், அவர் சொன்ன அதே வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். மரண வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டிடமோ டாக்டரிடமோதான் சொல்ல வேண்டும் என்றில்லை. சாகும் தறுவாயில் இருப்பவர், தனக்கு இது எப்படி நேர்ந்தது என்று பக்கத்தில் இருக்கும் யாரிடம் சொன்னாலும் அதைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் இப்ப இந்தியக் குடிமகனே இல்லை. என் சாட்சி செல்லுமா?

செல்லும். கேட்ட கேள்வி புரிந்து, தெளிவாகப் பதில் சொல்ல முடிகிற யாரும் சாட்சி சொல்லலாம். பாஸ்போர்ட் நீலமா சிவப்பா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஓ.சி.ஐ., சுற்றுலா விசா, வேலை விசாவில் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர், எல்லாருக்கும் இது ஒன்றுதான்.

பார்த்தும் பேசாம வந்துட்டா குத்தமா?

கொலை நடந்தது தெரிந்தால் உடனே போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று புதிய சட்டத்தின் 33-வது பிரிவு சொல்கிறது. கொள்ளை போன்ற வேறு சில குற்றங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நியாயமான காரணம் இருந்தால் விலக்கு. ஆனால் காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். வேடிக்கை பார்த்தவரைப் பிடித்து இந்தப் பிரிவில் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை, என் வக்கீல் நண்பரும் பார்த்ததில்லையாம்.

தகவல் சொல்வதும் சாட்சி சொல்வதும் வேறு வேறு. 112-க்குக் கூப்பிட்டுச் சொன்னதோடு முதல் கடமை முடிந்துவிடும். சாட்சியாகச் சேர்ப்பதா என்பதைப் புலனாய்வு அதிகாரி முடிவு செய்வார்.

அடிபட்டவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா நம்மளையே மாட்டி விட்ருவாங்களாமே?

இந்தப் பயம் நம் அப்பா காலத்துப் பயம். உயிருக்குப் போராடுகிறவரை 'போலீஸ் கேஸ்' என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது, முதலில் வைத்தியம்தான் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். உதவியவரின் பெயரைக் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவில் இருக்கிறது, 2019 திருத்தத்தில் வந்தது. அது சாலை விபத்துக்கு மட்டும். வெட்டுக்காயத்தோடு ஒருவரைக் கொண்டுபோனால் உங்கள் பெயரைக் கேட்பார்கள், கொண்டுவந்தவர் யார் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். எழுதட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்பதற்குப் பின்னால் அதுவே ஆதாரம்.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்கங்கிறாங்க. போகணுமா?

நீங்கள் போகத்தான் வேண்டும், எழுத்து மூலமாகக் கூப்பிட்டிருந்தால். அம்மா போக வேண்டியதில்லை. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 179-வது பிரிவு. பழைய சட்டத்தில் ஆண்களுக்கு 65 என்று இருந்தது. அவர்களாகவே விருப்பப்பட்டு ஸ்டேஷனுக்குப் போனால் தடையில்லை.

"அம்மாவுக்கு முடியல சார், வீட்டுக்கு வந்துடுங்க" என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரான ரைட்டரிடம் நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். சட்டப்பிரிவு எண்ணெல்லாம் எடுத்து விடவில்லை. மறுநாள் எஸ்.ஐ. ஒரு பெண் போலீசோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். பிரிவு எண்ணைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணுமா?

விசாரணையில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. 181-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் புகார்தாரராக நீங்களே புகார் எழுதிக் கொடுத்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசமாகத் தர வேண்டும். சம்பவ இடத்து மகஜரில் (அங்கே பார்த்ததையும் எடுத்ததையும் போலீஸ் எழுதும் பதிவு) சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், நிஜமாகவே அங்கே நின்று பார்த்திருந்தால் மட்டும் போடுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். என்னுடையதில் "நன்கு அடையாளம் தெரியும்" என்று ஒரு வரி இருந்தது. நான் சொன்னது "பக்கவாட்டில் பார்த்தேன்" என்பது. ரைட்டர் முகம் சுளிக்காமல் மாற்றினார். அந்த ஒரு வரி அப்படியே இருந்திருந்தால் குறுக்கு விசாரணையில் என்னை உரித்து எடுத்திருப்பார்கள். பார்த்ததைவிட ஒரு இம்மி கூடச் சொன்னாலும், உண்மையாகவே பார்த்ததும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

போன்ல வீடியோ எடுத்துட்டேன். குரூப்ல போடலாமா?

வேண்டாம். கூடப்பிறந்தவருக்குக்கூட அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் போகும்போது வீடியோ சுருங்கும், எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். பாலியல் குற்றமாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். அதோடு, வீட்டாருக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு முன் அந்தப் படம் அவர்கள் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஊரில் அதுதான் நடந்தது.

வீடியோவைப் புலனாய்வு அதிகாரியிடம் கொடுங்கள். மூலப்பதிவு உள்ள போனையே கேட்கலாம். கொடுத்தால் கைப்பற்றிய மகஜரின் நகலை வாங்காமல் வராதீர்கள். அதில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு போனைத் திருப்பித் தந்தால், மின்னணு ஆதாரத்துக்கான 63-வது பிரிவுச் சான்றிதழில் (இது புதிய சாட்சியச் சட்டத்தில் வருவது) உங்கள் கையெழுத்துத் தேவைப்படும். விமானம் ஏறுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். போன் உள்ளேயே மாட்டிக்கொண்டால் கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். உங்கள் பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அந்த போனுக்குத்தானே வரும்? முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள்.

சிசிடிவி இருக்கே. அப்புறம் நான் எதுக்கு?

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையின் சிசிடிவி காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பின்னால் இருந்து ஏவியதாகச் சொல்லப்பட்டவரை, சதி நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது.

கேமரா வெட்டியவனைக் காட்டும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே டீக்கடையில் யார் வந்து யாரைக் கைகாட்டிவிட்டுப் போனார் என்பதைக் காட்டாது. அதைப் பார்த்தவர் நீங்களாக இருக்கலாம். சொல்லும்போது உங்களுக்கே அற்பமாகத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

என் பேர் வெளிய வராம சொல்ல வழி இருக்கா?

பாதி இருக்கிறது. 112-ல் பெயர் சொல்லாமல் தகவல் தரலாம். ஆனால் நீங்கள் புகார்தாரர் என்றால் எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருக்கும். 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, சில நுட்பமான வழக்குகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. உங்கள் ஒன்றுவிட்ட மச்சான் மட்டுமல்ல, எதிர்த் தரப்பும் அதைப் படிக்கலாம்.

சாட்சியாக மட்டும் இருந்தால் எஃப்.ஐ.ஆரில் பெயர் வர வேண்டும் என்பதில்லை. குற்றப்பத்திரிகை போனதும் சாட்சி வாக்குமூலங்களின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும். அதில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டாம் என்று போலீஸ் கோர்ட்டைக் கேட்க முடியும், முடிவு கோர்ட்டின் கையில். கடைசிவரை யாருக்கும் தெரியாமல் சாட்சி சொல்லிவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சுக்குவாங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சாட்சியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பாஸ்போர்ட்டைக்கூட முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத்தான் உண்டு என்று 2008-ல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விமான நிலையத்தில் நிறுத்தும் லுக் அவுட் நோட்டீஸ், பொதுவாகத் தேடப்படுகிறவர்களுக்கு. கோர்ட்டில் ஆஜராகிறேன் என்று ஒரு பத்திரம் எழுதி வாங்கலாம், அவ்வளவுதான்.

"நகல் எடுத்துட்டுத் தர்றோம்" என்று கேட்டால் நகலை நீங்களே எடுத்துக் கொடுங்கள். வெளிநாட்டு முகவரி, வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புதிய சட்டத்தில் சாட்சி சம்மனை மின்னணு முறையிலும் அனுப்பலாம். உங்களையே சந்தேக நபராக நடத்துகிறார்கள் என்று தோன்றினால் கதை வேறு. உடனே வக்கீல் வையுங்கள். வெளிநாட்டுக் குடிமகன் கைதானால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம், 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது.

கிளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?

ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. 183-வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். பழைய ஆட்கள் இன்னும் '164 ஸ்டேட்மென்ட்' என்றே சொல்வார்கள். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. நீங்களாக நேரே போய் மாஜிஸ்திரேட்டிடம் நிற்க முடியாது. 1999-ல் ஜோகேந்திர நாஹக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. அதிகாரி மூலமாகத்தான் போக வேண்டும். "எனக்கு 19-ம் தேதி ஃப்ளைட் சார், அதுக்குள்ள முடிச்சிடலாமா" என்று டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

மாஜிஸ்திரேட்டின் அறையில் போலீஸ் இல்லை. மின்விசிறிச் சத்தம், தட்டச்சுச் சத்தம், அவ்வளவுதான். "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நிதானமா சொல்லுங்க" என்றார். இதைக் கொடுத்ததோடு கோர்ட் சாட்சியம் முடிந்துவிடாது, விசாரணையில் மறுபடி சொல்ல வேண்டும். ஆனால் மூன்று வருஷம் கழித்து "இதெல்லாம் போலீஸ் எழுதிக்கிட்டது" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தாமதம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: பார்த்ததாகச் சொல்லும் சாட்சி காரணமே இல்லாமல் பல நாள் கழித்து வாய் திறந்தால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

'நீ ஊர்லயே இல்லாத ஆளு, அங்க என்ன வேலை'ன்னு கேட்பாங்களே?

கேட்பார்கள். அந்த இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாதவரைத் தற்செயல் சாட்சி என்பார்கள். அப்படிப்பட்டவரின் பேச்சைக் கோர்ட் கொஞ்சம் கூடுதலாக உரசிப் பார்க்கும், தள்ளிவிடாது. விடுமுறைக்கு வந்த நாம் எல்லாருமே தற்செயல் சாட்சிகள்தான். எனவே குடியேற்ற முத்திரை, பஸ் டிக்கெட், கடை பில், அன்றைக்கு எடுத்த போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் ஏறி வந்த டவுன் பஸ்ஸின் டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. அம்மா சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் எடுத்துவிட்டேன்.

பேப்பர்ல அவனுங்க போட்டோ வந்திருக்கு. பார்த்துச் சொல்லட்டுமா?

பார்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களை நீங்கள் அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் ஜெயிலில் அடையாள அணிவகுப்பு வைப்பார்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில், அதே வயதும் தோற்றமும் உள்ள மற்றவர்களோடு கலந்து நிற்க வைத்து, யார் என்று தொட்டுக்காட்டச் சொல்வார்கள். முன்பே போட்டோ பார்த்திருந்தால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். கைதானவர்கள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் எப்படியும் குடும்ப குரூப்புக்கு வரும் (நம் ஊர்ப் பாத்ரூம்களில்தான் எல்லாரும் வழுக்கி விழுவார்களே). நான் இரண்டு வாரம் குரூப்பைத் திறக்கவே இல்லை. அத்தைக்குக் கோபம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஃப்ளைட் ஏறி வரணுமா?

வேண்டாம். சாட்சிக்குச் சம்மன் வந்த தேதிக்கு மட்டும்தான் வேலை, அதையும் வீடியோவில் செய்யலாம். 2003-ல் பிரஃபுல் தேசாய் வழக்கில், அமெரிக்காவில் இருந்த ஒரு டாக்டரை வீடியோ வழியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டமும் விசாரணையை மின்னணு முறையில் நடத்த வெளிப்படையாகவே இடம் தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர் பொதுவாக இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதற்கான அதிகாரி முன்னால் உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். வீட்டு ஹாலில் உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைக்காதீர்கள்.

தானாக நடந்துவிடாது. சம்மன் வந்ததும் அரசு வழக்கறிஞருக்கு எழுதி, அவர் மூலம் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். அதைப் பின்தொடர ஊரில் ஒரு ஆள் வேண்டும். அதோடு பொறுமையும் வேண்டும். நான் லீவு போட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக் கணக்குப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பாம். அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறேன்.

அவங்க ஆளுங்க எங்க சித்தப்பா வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்காங்க. இப்ப என்ன பண்றது?

நாம் விமானம் ஏறிவிடுவோம். வீடு அங்கேயே இருக்கும். அதனால்தான் சாட்சி சொல்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். உங்கள் வீரத்துக்கான விலையைச் சித்தப்பா கொடுக்கக்கூடாது.

மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, வந்த வண்டி எல்லாவற்றையும் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது ஏழு ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய தனிக் குற்றம். அடுத்து, சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நடைமுறைப்படுத்தியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். போலீஸ் ஐந்து வேலை நாளில் ஆபத்து எந்த அளவு என்று அறிக்கை தர வேண்டும். வீட்டுக்கு ரோந்து, கோர்ட்டுக்குப் போக வரப் பாதுகாப்பு, குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்வது என்று பல வகை உண்டு. முக்கியமானது: சாட்சியின் குடும்பத்துக்கும் இது பொருந்தும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கக் கேட்க வேண்டும்.

ரெண்டு பக்கமும் சொந்தம். 'நான் பார்க்கல'ன்னு மாத்திச் சொல்லிட்டா என்ன?

பிறழ் சாட்சி என்று பேப்பரில் படித்திருப்பீர்கள், அதுதான் இது. போலீசிடம் சொன்னதைக் கோர்ட்டில் மறுப்பவர்கள் நிறைய. மாஜிஸ்திரேட்டிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு மாற்றினால் பொய் சாட்சி என்ற வழக்குவரை போகலாம். உறவுக்காரர்கள் 'சமாதானமாப் போயிடலாம்' என்பார்கள். கொலை வழக்கு பஞ்சாயத்தில் பேசி முடிக்கக்கூடியதல்ல, அரசுதான் வழக்கு நடத்துகிறது.

அதே சமயம், அங்கேயே வாழ்பவர்கள் வாய் திறக்காததை நாம் இளப்பமாகப் பேசக்கூடாது. என்னருகே நின்ற டீ மாஸ்டர் "நான் உள்ள பால் காய்ச்சிட்டு இருந்தேன், ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டார். பாய்லர் கடை வாசலில்தான் இருக்கிறது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் கடை திறந்தாக வேண்டும், எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

கூட இருந்த பிள்ளையும் பார்த்துட்டான். அவனையும் கூப்பிடுவாங்களா?

குழந்தையும் சட்டப்படி சாட்சியாகலாம். பெரியவர் ஒருவர் அதே காட்சியைப் பார்த்திருந்தால், குழந்தை தேவையில்லை என்று அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். விசாரித்தாலும் வீட்டில்தான், மேலே சொன்ன 179-வது பிரிவுப்படி. பிள்ளையின் முன்னால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள்.

எல்லாம் முடிஞ்சு வந்துட்டேன். ஆனா தூக்கம்தான் வரல.

வராதுதான். எனக்கு இளநீர் வெட்டும் சத்தம் ஆறு மாதம் ஆகவில்லை, சிங்கப்பூரில் நம் ஆட்கள் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் போனால் சாலை மாறி நடப்பேன். முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டால், நீங்கள் இருக்கும் நாட்டில் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருக்கும்வரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். குடும்ப டாக்டரிடம் போனபோது எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடிபட்டவர் வேறொருவர், எனக்கென்ன வந்தது என்று. அவர் அப்படிப் பார்க்கவில்லை.

அப்ப இனிமே ஊருக்குப் போறதா வேண்டாமா?

நான் போனேன், அடுத்த ஆடியிலேயே. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகாமல் இருந்தால் அம்மா விடமாட்டாள். அதே நிறுத்தத்தில்தான் இறங்கினேன், கடையும் திறந்துதான் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வழியில எங்கயும் டீ குடிச்சியா?" இல்லை என்றேன். அவளே போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக.